பெண் பார்க்கக் கடலில் இறங்கிய பதினோரு பேர்

இந்தப் பயணத்துக்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இரண்டு காரணங்கள். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. அவர்கள் பத்துப் பேராக இருந்தார்கள். பெண் பார்க்க இரட்டைப்படையில் போகும் வழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை.

திருநகரில் எங்கள் எதிர்வீடு தாமோதரனுடையது. சௌராஷ்டிரக் குடும்பம், ஊருக்குள் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார்கள். மகன் கோகுல் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். முப்பது வயது. அதிகம் பேசாதவன். அவன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய தாய்மாமன் குபேந்திரன் பதில் சொல்லி முடித்திருப்பார். கோகுலுக்குக் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று என் மனைவி கேட்டால்கூட மாமாதான், "அவனுக்கு அரை ஸ்பூன் போதும்" என்பார்.

வந்த வரன் கீர்த்தனா. அதே சமூகம், மதுரையில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் வீடு தாமோதரனின் கடையிலிருந்து நடந்துபோகும் தூரம். பெண் மட்டும் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தாள். வாரக்கடைசியில் இலங்கையின் தெற்குக் கரையில் உள்ள வெலிகமவுக்குப் போய் அலைச்சறுக்கு விளையாடுவது அவள் பழக்கம். ஜாதகம் பொருந்தியது. இரண்டு முறை வீடியோவில் பேசினார்கள். இரண்டு முறையும் கோகுலின் தோளுக்குப் பின்னால் மாமாவின் தலை தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை வெலிகமவுக்கு வர வேண்டும். மூன்று நாள் அவளோடு கடலில் இறங்க வேண்டும். பதில் அதற்கு அப்புறம்தான்.

அவள் கேட்டது ஓர் ஆளை. அந்த வீட்டில் ஓர் ஆள் என்ற கணக்கே கிடையாது.

"தனியா அனுப்புனா நாதியத்த பயன்னு நெனச்சுற மாட்டாங்களா?" என்றார் மாமா. "எல்லாரும் போவோம். எல்லாரும் கடல்ல எறங்குவோம். அம்புட்டுத்தானே?"

கடலே இல்லாத ஊரில் பயிற்சி தொடங்கியது. தாமோதரன் வீட்டு மொட்டைமாடியில் பழைய கதவு ஒன்றை மணல் மூட்டைகளின் மேல் போட்டார்கள். ஒவ்வொருவராகக் குப்புறப் படுத்துக் கையால் காற்றைத் துழாவ வேண்டும். மாமா "அலை!" என்று கத்தியதும் எழுந்து நிற்க வேண்டும். கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்ட முறை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால், ஒரு குடும்பமே கதவில் வரிசையாக விழுந்து வணங்குவதுபோல் இருந்தது. கோகுல் மட்டும் எல்லா முறையும் சரியாக எழுந்து நின்றான். கதவு நகரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

விமானத்தில் கொடுத்த சிற்றுண்டிப் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. மாலை நேரத்தில் தல்லாகுளத்திலிருந்து திருநகருக்குப் பேருந்தில் வர இதைவிட அதிக நேரமாகும். வெளிநாடு வந்த உணர்வே இல்லை என்று தாமோதரன் குறைப்பட்டார். கொழும்பிலிருந்து தெற்கே போகும் ரயில் அந்தக் குறையைத் தீர்த்தது. தண்டவாளத்தை ஒட்டியே கடல் வருகிறது. கதவோரம் நின்றவர்கள்மேல் சாரல் அடித்தது. எங்களிடம் முறுக்கு, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் என்று தகர டின்கள் இருந்தன. ஈரம் படாமலிருக்க அவற்றுக்கு ஜன்னலோர இருக்கைகளைத் தவிர்த்து இடம் கொடுத்தோம். நாங்கள் நின்றோம்.

வெலிகமவில் ரயில் அதிக நேரம் நிற்காது என்பதை யாரும் விசாரிக்கவில்லை. நாங்கள் பத்துப் பேர் இறங்கிக்கொள்ள, கோகுல் உள்ளே நின்று ஜன்னல் வழியாக டின்களைக் கொடுத்துக்கொண்டிருந்தான். புளிக்காய்ச்சல் டின் பாதி ஜன்னலில் இருக்கும்போது ரயில் புறப்பட்டது. அவன் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டான். ரயிலோடு அடுத்த பெரிய ஊரான மாத்தறைக்குப் போய்விட்டான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கீர்த்தனா வந்தாள். அரைக்கால் சட்டை, வெயிலில் கறுத்த முகம், கையில் தண்ணீர் போத்தல். எங்கள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இதுல யாரு கோகுல்?"

யாரும் இல்லை என்பதைச் சொல்ல மாமா முன்வந்தார். ஆனால் அதற்குள் அவருக்கு வேறொரு சிக்கல் தெரிந்துவிட்டது. பையன் போனதால் நாங்கள் பத்துப் பேர். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க கொஞ்சம் அந்தத் தூணுக்கு அங்கிட்டு நில்லுங்க. அறிமுகம் முடியட்டும்."

பெண் பார்க்கும் படலத்தின் முதல் சந்திப்பு இவ்வாறு மாப்பிள்ளை இல்லாமலும், சாட்சி தூணுக்குப் பின்னாலும் நடந்தது.

கோகுலை மீட்டு வந்தவர் வேன் ஓட்டுநர் நிஜாம். வெலிகமக்காரர், தமிழ் பேசும் முஸ்லிம். அடுத்த மூன்று நாளும் எங்களுக்கு அவரே வண்டி, வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர்.

"ஒங்கட ஊர்ல கடல் இல்லயா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். வைகை இருக்கு."

"அதுல அலை வருமா?"

"தண்ணியே வந்தாத்தானே" என்றார் தாமோதரன்.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனபோது இரண்டு தென்னைகளுக்கு நடுவில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. மாமா அதை மதுரையிலேயே அச்சடித்து, சுருட்டி, சேலைப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார். கூலிங்கிளாஸ் போட்ட கோகுல், ஓர் இராட்சத அலையின் உச்சியில் கைகட்டி நிற்கிறான். ஸ்டூடியோவில் ஒட்டிய படம். காலில் அலுவலக ஷூ. 'அலைகளை அடக்க வரும் திருநகரின் தங்கமே வருக வருக' என்று போட்டு, கீழே எங்கள் எல்லோருடைய முகங்களும் வட்டவட்டமாக. என் முகமும் இருந்தது. என் பழைய நிருபர் அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

நிஜாம் நின்று படித்தார். "எலெக்‌ஷனா?"

கீர்த்தனாவும் படித்தாள். பிறகு கோகுலைப் பார்த்தாள். அவன் மணலைப் பார்த்தான். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "எப்பிடிம்மா இருக்கு? கலர் நம்ம செலக்‌ஷன்" என்றார் மாமா.

பயிற்சியாளர் ருவன், இருபத்தைந்து வயது சிங்கள இளைஞர். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து சொல்வார். நிஜாம் தமிழில் தருவார். பலகையில் எங்கே படுப்பது, கணுக்காலில் கட்டும் கயிறு எதற்கு, விழுந்தால் தலையை எப்படிக் காப்பது என்று மணலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குடும்பம் ஏற்கெனவே கதவில் பழகியிருந்ததால் இந்தப் பகுதியைச் சலிப்போடு கேட்டது. கடைசியாக ஒரு விதி சொன்னார்.

"ஒரு அலைக்கு ஒரு ஆள்தான் போகணுமாம்" என்றார் நிஜாம். "அதுதான் இங்க மரியாதையாம்."

மாமாவுக்கு இது விளங்கவில்லை. "ஒரு அலை இந்த மூலையிலருந்து அந்த மூல வரைக்கும் வருது. ஒருத்தன் போனா மத்த எடமெல்லாம் வீணாத்தானே போகுது? எங்கூருல ஒரு ஷேர் ஆட்டோல பதிமூணு பேரு வாரோம். அவருகிட்டச் சொல்லுங்க."

நிஜாம் சொன்னார். ருவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "பதிமூன்று பேரும் எங்கே உட்காருவீர்கள்?" என்று கேட்டார்.

ஆண்கள் ஏழு பேர் கடலில் இறங்கினோம். பெண்கள் நால்வரும் குடைக்கடியில் டின்களோடு இருந்தார்கள். மாமா மட்டும் முதுகில் மஞ்சள் பிளாஸ்டிக் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் கிணற்றில் நீச்சல் பழகுபவர்கள் செய்வது அது. ருவன் உயிர்காப்புச் சட்டை கொடுத்தார். மாமா அதை வாங்கி, கேனுக்கு மேலேயே போட்டுக்கொண்டார். பக்கவாட்டில் பார்க்கத் திமில் வைத்த காளைபோல் இருந்தார். வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் படம் எடுத்தார்கள்.

முதல் நல்ல அலை வந்தது. ருவன் கோகுலின் பலகையைத் தள்ளிவிட்டார். அவன் நகர்ந்தான். "மாப்ள தனியாப் போறான்டா!" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான். மீதிப் பேர் அத்தனை பேரும் அதே அலையில் பாய்ந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பலகைகள், கயிறுகள், ஒரு மஞ்சள் கேன் என்ற வரிசையில்தான் சொல்ல முடியும். ஆட்கள் கடைசியாக வெளியே வந்தார்கள். தாமோதரனின் கயிறும் மாமாவின் கயிறும் பின்னிக்கொண்டதை அவிழ்க்க இன்னொரு பயிற்சியாளர் வர வேண்டியிருந்தது.

ருவன் அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று நிஜாமைக் கேட்டேன். "எல்லாம் ஒரே குடும்பமாம், ஒருத்தர விட்டுப்போட்டு ஒருத்தர் போக மாட்டாங்களாம், அலைக்குத்தான் பயமா இரிக்காம்."

இந்த நேரமெல்லாம் கீர்த்தனா வெகுதூரத்தில் இருந்தாள். அலைகள் உடைவதற்கும் அப்பால் ஓர் இடம் இருக்கிறது. அங்கே தண்ணீர் மெல்ல ஏறி இறங்குமே தவிர, நுரை கிடையாது. தேர்ந்தவர்கள் பலகையின் மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தங்களுக்கான அலைக்குக் காத்திருப்பார்கள். அவளும் அங்கே உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு சாப்பாடு ஒரு கொத்து ரொட்டிக் கடையில். கல்லில் இரண்டு தகடுகள் தட்டும் சத்தம் கேட்டதும் மதுரைக்காரர்கள் எல்லோரும் நிமிர்ந்தோம். "இது நம்மூருச் சரக்குல்ல!" என்றார் மாமா. "எங்கட மட்டக்களப்புலதான் தொடங்கினது" என்றார் நிஜாம். மாமா எழுந்துபோய்க் கல்லருகே நின்று, மாஸ்டரிடம் தகடுகளைக் கேட்டு வாங்கி, தாளம் எப்படி இருக்க வேண்டும் என்று தட்டிக் காட்டத் தொடங்கினார். கடை முழுவதும் அங்கே திரும்பியது. இலங்கைக் கொத்தில் ரொட்டி நீளநீளமாக, காய்கறி கூடுதலாக இருந்தது. சால்னா கேட்டேன், குழம்பு தந்தார்கள். நன்றாகவே இருந்தது. ஊரில் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தச் சத்தத்துக்கிடையில் கோகுல் கைகழுவ எழுந்தான். சற்று விட்டுக் கீர்த்தனாவும் எழுந்தாள். இருவரும் குழாயை நெருங்கியபோது, கோகுலின் அம்மா பின்னாலேயே ஓடினார். "அந்தத் தண்ணி உப்பா இருக்கும்டா, இந்தா, காய்ச்சுன தண்ணி." மூவரும் கைகழுவிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் நாளும் அப்படியே. பத்தரை மணிக்கு மாமா விசில் அடித்து எல்லோரையும் கரையேற்றினார். வெள்ளிக்கிழமை, ராகு காலம். பன்னிரண்டு வரை தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு காற்று ஏறி அலை கலைந்துவிடும் என்று ருவன் கைகளை விரித்துச் சொல்லிப் பார்த்தார். "காத்து வேற, கெரகம் வேற" என்றார் மாமா.

நான் ஓர் இளநீர்க் கடையில் ஒதுங்கினேன். கீர்த்தனா பலகையை மணலில் குத்திவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், அவரு பேசுவாரா?"

"தெரியலம்மா. பன்னெண்டு வருஷமா எதிர்வீடு. காதுல விழுந்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அவரு சர்ஃபிங் பண்ணணும்னெல்லாம் இல்ல. இவருக்குன்னு ஏதாவது வேணுமா, வேண்டாமா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். என்ன கேட்டாலும் மாமா சொல்றாரு, அம்மா சொல்றாங்க. இதுவரைக்கும் எனக்குப் பதில் சொன்னது அந்தப் பேனர் மட்டும்தான்."

"போன்ல தனியாக் கேக்கலாமே?"

"போன்ல எல்லாருமே நல்லாத்தான் பேசுவாங்க." இளநீரை வைத்தாள். "நாளைக்குச் சாயங்காலம் கெளம்பிருவேன். இப்படியே போச்சுன்னா வேண்டாம்னுதான் சொல்லணும். அவரு கெட்டவரு இல்ல. அது தெரியுது. ஆனா பதினோரு பேர நான் கட்டிக்க முடியாதுல்ல."

என்னையும் சேர்த்துச் சொல்கிறாள் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் போன பிறகு கோகுல் இளநீர் வாங்க வந்தான். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் அவனிடம் சொன்னேன். பழைய தொழில் பழக்கம். அவன் தலையாட்டினான். வாயைத் திறந்தான். "அவனுக்கு வழுக்க வேணாம், தண்ணி மட்டும் போதும்" என்றபடி மாமா வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ராகு காலம் ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். நாங்கள் கடற்கரைக்கு வந்துசேர்ந்தபோது அதுவும் வந்துவிட்டது. பத்தரை வரை யாரும் இறங்குவதில்லை என்று தீர்மானமாகி, குடைக்கடியில் புளியோதரை பிரிக்கப்பட்டது. கடல் அன்று அமைதி. கீர்த்தனா வழக்கம்போல் நுரைக்கு அப்பால், தன் இடத்தில்.

புளியோதரை இரண்டாம் சுற்று வரும்போது தாமோதரன் சுற்றுமுற்றும் பார்த்தார். "கோகுல் எங்க?"

ருவன் கடலில் இருந்தார். ஒரு கையால் துழாவியபடி, இன்னொரு கையில் ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையில் ஒரு பலகை. அதன்மேல் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையோடு, இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்திருந்தான் கோகுல். நுரை அவன்மேல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் அவன் அதே நிலையில் மறுபக்கம் வெளிப்பட்டான். கதவுப் பயிற்சி எதுவும் உதவியதாகத் தெரியவில்லை.

குடும்பம் எழுந்து தண்ணீரோரம் ஓடியது. பதறினால் அவர்கள் சௌராஷ்டிர மொழிக்குப் போய்விடுவார்கள். பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாமோதரனிடம் கேட்டேன். "நீச்சல் தெரியாதுன்னு எங்கக்கா அழுவுறாங்க. ராகு காலத்துல போறானேன்னு என் வீட்டுக்காரி அழுவுறா."

மாமா கேனைக் கட்டிக்கொண்டு கடல் விளிம்பில் நின்றார். அவருக்கு இறங்க வேண்டும். ராகு காலம் விடவில்லை. அலை வந்து விரலைத் தொடும்போதெல்லாம் இரண்டடி பின்னால் வருவார். அலை போனதும் இரண்டடி முன்னால் போவார். "மாப்ள! திரும்பி வாடா! வந்துர்றா!" என்று கத்தினார்.

ருவன் கோகுலைக் கீர்த்தனாவின் பக்கத்தில் சேர்த்தார். பிறகு சற்றுத் தள்ளிப்போய், எங்கோ அடிவானத்தைப் பார்த்தபடி எங்களுக்கும் அவர்களுக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தார். அந்த இளைஞரைப்பற்றி நான் எழுத வேண்டியதெல்லாம் அந்த முதுகில் இருக்கிறது. கீர்த்தனா கோகுலைக் கைகொடுத்து உட்காரவைத்தாள். இப்போது கடலில் இரண்டு புள்ளிகள், பக்கத்தில் பக்கத்தில்.

"பேசுறான்!" என்றார் கோகுலின் அம்மா. "கை ஆடுது பாருங்க. பேசுறான்!"

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. ராகு காலத்தில் அவள் பதில் சொல்லிவிட்டால்? சரி என்றாலும் விளங்காது. வேண்டாம் என்றால் மாற்ற முடியாது. இரு கைகளையும் வாயருகே குவித்தார்.

"மாப்ள! வராத! பத்தர வரைக்கும் அங்கனயே இரு! அவசரமில்ல!"

இப்படியாக, கோகுலுக்கு அந்தப் பெண்ணோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கிக் கொடுத்தவர் குபேந்திரன் மாமாதான்.

பத்தரை தாண்டிச் சிறிது நேரத்தில் கீர்த்தனா அவன் பலகையைத் திருப்பி, ஒரு சின்ன அலையில் தள்ளிவிட்டாள். அவன் எழுந்து நிற்க முயலவே இல்லை. தபாலில் வந்த பார்சல்போல் படுத்தபடியே கரைவரைக்கும் வந்து, மாமாவின் காலடியில் மோதி நின்றான்.

"மாமா" என்றான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மாமா தள்ளி நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

பின்னால் பலகையில் நின்றபடியே வந்து இறங்கிய கீர்த்தனா, தலைமுடியைப் பிழிந்துகொண்டு கோகுலின் அம்மாவிடம் போனாள். "எனக்குச் சம்மதம் அத்தை." பிறகு தென்னைகளைக் காட்டினாள். "அதக் கழட்டிருவோமா?" ஃபிளெக்ஸைக் கழற்ற எல்லோரும் ஓடினார்கள்.

திரும்பும் ரயிலில் கோகுல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். டின்கள் காலியாகிவிட்டதால் இடம் இருந்தது. அங்கே என்ன பேசினாய் என்று நேரடியாகவே கேட்டேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது, இங்கருந்து எப்பிடித் திரும்பிப் போறதுன்னும் தெரியாதுன்னு சொன்னேன் அங்கிள். அப்புறம் எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாங்க." ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தான். "இந்த ஒரு எடத்துக்குத்தான் எங்க வீட்டு ஆளுக வர முடியாது, அதான் வந்தேன்னு சொன்னேன்."

ஒரு தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துச் செய்தி எழுதக் கூடாது. நிச்சயதார்த்தத்தில் கீர்த்தனாவிடமும் கேட்டேன். "அவ்வளவுதான் சொன்னாரு" என்றாள். "அதுக்கப்புறம் பத்தர மணி வரைக்கும் ரெண்டு பேரும் மாமா கத்துறதக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தோம்."

கல்யாணம் வைகாசியில். அது முடிந்ததும் புதுமணத் தம்பதி வெலிகமவுக்குப் போவதாக ஏற்பாடு. இருவர் மட்டும்.

சென்ற வாரம் காலையில் ஒரு நீச்சல் குளத்தின் வழியாகப் போனேன். குழந்தைகள் பகுதியில், இடுப்பளவு தண்ணீரில், மஞ்சள் கேன் ஒன்று தெரிந்தது. கம்பி வேலியருகே போய் நின்றேன்.

"என்னண்ணே பாக்குறீங்க?" என்று மூச்சு வாங்கினார் மாமா. "அன்னிக்கு அந்தப் பய அம்புட்டுத் தூரம் போயிட்டான், நம்மளால போக முடியல. மனசு கேக்கல. அடுத்த தடவ அங்கிட்டும் போயிரணும்ல? நீங்களும் வாங்கண்ணே. பத்துப் பேருதான் சேந்திருக்கோம்."

அன்று மாலை கோகுல் வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன, உடம்பில் குளோரின் வாசனை. இவனும் சாயங்காலங்களில் பசுமலைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்குப் போகிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமாவைப் பார்த்ததைச் சொன்னேன்.

துடைப்பதை நிறுத்தினான். "எம்புட்டுத் தூரம் வந்திருக்காரு அங்கிள்?"

"அகலவாட்டுல ஒரு தடவ போயிட்டாரு. கேனோட."

மறுநாளிலிருந்து கோகுலின் வண்டி காலையிலும் பசுமலைப் பக்கம் கிளம்புகிறது.